வாசலில் ஓர் உலாம் ராஜா: தேனீக்களுக்காக ஒரு களையை வளர்ப்போம்

‘களை’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழும் எண்ணம் என்ன? பிடுங்க வேண்டியது, வெட்ட வேண்டியது, மருந்தடித்துக் கொல்ல வேண்டியது என்பதுதானே? தோட்டப்புறத்திலிருந்து வந்த குடும்பங்களில் பிறந்த நமக்கு இவ்வெண்ணம் சற்று ஆழமாகவே பதிந்திருக்கிறது எனலாம். வீட்டு முன்புறம் சிமெண்டு பூசிப் பளிச்சென்று இருந்தால்தான் மரியாதை; ஓரத்தில் ஒரு புல் தலைகாட்டினாலும் வீட்டில் ஆளில்லையோ என்று அக்கம்பக்கத்தார் கேட்பர். ஆனால், அந்தப் பளிச்சென்ற வாசலில்தான் இன்று பாகற்பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்கின்றன. பூசணிப் பூ பூத்தும் காய்ப்பதில்லை. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பையும், யாரும் எளிதில் வளர்க்கக்கூடிய ஒரு சாதாரணக் காட்டுப்பூவைக் கொண்டு அதனைச் சரிசெய்யும் வழியையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

களை என்பது எது?

தாவரவியலில் ‘களை’ என்றொரு குடும்பம் கிடையாது. வேண்டாத இடத்தில் முளைக்கும் எந்தச் செடியும் களைதான். ஆக, அப்பெயரைச் சூட்டுவது இயற்கை அன்று; நாம்தான்.

நம் நாட்டின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். ரப்பர் மரம் பிரேசிலைச் சேர்ந்தது. 1877-ஆம் ஆண்டு 22 கன்றுகள் இலண்டனின் கியூ தாவரப் பூங்காவிலிருந்து சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டன. செம்பனையோ மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இவை இரண்டையும் யாரும் களை என்று சொல்வதில்லை. மாறாக, இவற்றின் அடியில் தானாக முளைத்தவற்றைத்தான் களை என்று சொல்லி, அவற்றைச் சுரண்டி எடுக்க நம் முன்னோரை நிரை நிரையாக நிறுத்தினார்கள். தொடக்ககால ரப்பர் தோட்டங்களில் மண்ணில் ஒரு புல்லும் இல்லாதபடி சுத்தமாகச் செதுக்கியெடுப்பதே வழக்கமாக இருந்தது. அதன் விளைவு, மழையில் மேல்மண் அடித்துச் செல்லப்பட்டது. பின்னர்தான் மண்ணை மூடிக் காக்கும் அவரையினக் கொடிகளைத் துரைமார்களே நடச் செய்தனர். வெறும் மண் அழகன்று என்னும் பாடத்தைத் தோட்டங்கள் இவ்வாறு பெருஞ்செலவில் கற்றுக்கொண்டன.

மகரந்தம் தூவும் வேலையும் ஒரு வண்டும்

தமிழ்ப்பள்ளியில் ‘மகரந்தச் சேர்க்கை’ என்று படித்ததை இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகு ‘பெண்டெபுங்காஆன்’ என்று படித்தோம். மலாய்மொழியில் மகரந்தத்திற்கு ‘டெபுங்கா’ என்று பெயர். ‘டெபு’ என்றால் தூசு. ‘புங்கா’ என்றால் பூ. பூவின் தூசு! எவ்வளவு எளிமையான, பொருத்தமான சொல்! அந்தத் தூசு ஆண் பகுதியிலிருந்து பெண் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் காய் உண்டு, விதை உண்டு. அதனைக் கொண்டுசேர்க்கும் வேலையைக் காற்றும், தேனீயும், வண்டும், பட்டாம்பூச்சியும், வெளவாலும் செய்கின்றன. நாம் வரிசைபிடித்து வாங்கும் டுரியான் பழத்திற்குக்கூட இரவில் வந்து தேன் குடிக்கும் வெளவால்கள்தாம் முக்கியக் காரணம்.

இந்த வேலையின் மதிப்பை அறிய மலேசியச் செம்பனைத் தோட்டங்களின் கதை ஒன்றே போதும். செம்பனைக்குக் காற்றே மகரந்தத்தைக் கொண்டுசேர்க்கிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆனால், நம் நாட்டில் காய்ப்பிடிப்பு குறைவாக இருந்ததால், ஆண் பூக்குலையிலிருந்து மகரந்தத்தைச் சேகரித்து, டால்கம் மாவுடன் கலந்து, பெண் பூக்குலைகளில் தொழிலாளர்கள் கையால் தூவ வேண்டியிருந்தது. பூச்சி ஆய்வாளர் ஆர்.ஏ. சையிட் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் ஆராய்ந்து, அங்கே இவ்வேலையை ஒரு சிறிய மூக்கு வண்டு செய்கிறது என்பதைக் கண்டறிந்தார். 1981-ஆம் ஆண்டு அவ்வண்டு ஜொகூர், குளுவாங் வட்டாரத்தில் முதன்முதலாகத் திறந்துவிடப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அது நாடு முழுவதும் பரவியது. கையால் மகரந்தம் தூவும் வேலை தேவையற்றுப் போனது. பெரும் மனித உழைப்பைச் செலவிட்டுச் செய்த வேலையை, சில மில்லிமீட்டரே உள்ள ஒரு பூச்சி கூலியில்லாமல் செய்து முடித்தது.

வீட்டுத் தோட்டமும் இப்படித்தான். பாகல், பூசணி, வெள்ளரி ஆகியவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் பிஞ்சு வடிவம் முதலிலேயே தெரியும். காலையில் பூ விரிந்திருக்கும் சில மணி நேரத்திற்குள் பூச்சி வராவிட்டால் அந்தப் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். நாம் உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் உரமிடுவோம். உண்மையில் போதாமல் இருப்பது விருந்தாளிகளே.

பூச்சி ஏன் வருவதில்லை? பாகற்கொடி நாலு பூ பூக்கும் என்பதற்காக எந்தத் தேனீயும் ஒரு தாமானில் குடியிருக்காது. அதற்கு ஆண்டு முழுவதும், நாள் தவறாமல் உணவு வேண்டும். சிமெண்டு வாசலும் ஒட்ட வெட்டிய புல்தரையும் அதற்குப் பாலைவனமே. ஆகவே, நிறைய பூக்கும், நீண்ட நாள் பூக்கும், தானாக முளைக்கும் ஒரு செடி நமக்குத் தேவை. அவ்வகையில் நான் பரிந்துரைப்பது உலாம் ராஜா.

உலாம் ராஜா: ஓர் அறிமுகம்

பாசார் மாலாமில் பச்சையாகக் கட்டுக்கட்டாக விற்கப்படும் இக்கீரையை அறியாதவர் இருக்க முடியாது. மலாய்க்காரர்கள் இதன் இளந்தளிரைச் சம்பல் பெலாச்சானுடன் பச்சையாக உண்பர். மாங்காய் வாசம் கலந்த காரமான சுவை. பெயரிலேயே ராஜா. ஆனால், இதன் பூவைப் பலர் பார்த்ததில்லை. கீரைக்காக வளர்ப்பவர்கள் பூப்பதற்கு முன்பே நுனியைக் கிள்ளிவிடுகிறார்கள். கிள்ளாமல் விட்டால் இளஞ்சிவப்பு நிறத்தில், மெல்லிய காம்பில் ஆடும் அழகிய பூக்கள் விரியும்.

அறிவியலார் இதனைக் காஸ்மோஸ் காவ்டேட்டஸ் என்று அழைப்பர். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. ‘காவ்டேட்டஸ்’ என்றால் வாலுடையது என்று பொருள். இதன் தாயகம் மெக்சிகோவை உள்ளிட்ட வெப்ப மண்டல அமெரிக்கா. ஸ்பானியர்கள் இதனைப் பிலிப்பீன்சுக்குக் கொண்டுவந்ததாகவும், அங்கிருந்து இவ்வட்டாரமெங்கும் பரவியதாகவும் கூறுவர். நம் குழம்பில் இடம்பெறும் மிளகாயும், தோட்டத்து மரவள்ளியும், வீட்டுப் பின்புறத்துப் பப்பாளியும் அதே அமெரிக்க மண்ணிலிருந்து வந்தவையே. வந்த செடி என்பதற்காக இந்நாட்டு மக்கள் இதனை ஒதுக்கவில்லை. ராஜா என்று பட்டம் கொடுத்து உணவுத்தட்டில் வைத்தார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஒரு பூவா, பல பூக்களா?

உலாம் ராஜாவின் ஒரு பூ என்று நாம் நினைப்பது உண்மையில் ஒரு பூக்கொத்து. வெளியே இதழ்போல் விரிந்திருக்கும் எட்டும் எட்டுப் பூக்கள். அவை விதை தருவதில்லை. தூரத்தில் பறக்கும் பூச்சிக்கு ‘இங்கே கடை திறந்திருக்கிறது’ என்று காட்டும் விளம்பரப் பலகைகளே அவை. நடுவிலுள்ள மஞ்சள் வட்டத்தில்தான் உண்மையான கடை. அங்கே பல சிறிய குழாய்ப்பூக்கள் நெருக்கமாக நிற்கின்றன. அவை எல்லாம் ஒரே நாளில் திறப்பதில்லை. வெளிவட்டத்திலிருந்து உள்நோக்கி, நாளுக்குச் சில என்ற கணக்கில் திறக்கும். எனவே, ஒரு தலைப்பூவில் சில நாள்களுக்கு விருந்து நடக்கும்.

ஒவ்வொரு குழாய்ப்பூவிலும் மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு குழலாக இருக்கும். சூல்தண்டு அந்தக் குழலுக்குள் ஊசிமருந்துக் குழாயின் தண்டைப் போல மேலெழுந்து, மகரந்தத்தை வெளியே தள்ளும். அதன் பிறகே சூல்முடி விரிந்து, வேறு பூவின் மகரந்தத்தை ஏற்கத் தயாராகும். முதலில் கொடுக்கும்; பிறகு பெறும். குழாய் குட்டையாக இருப்பதால் நீண்ட நாக்கு இல்லாத சின்னஞ்சிறு தேனீக்களுக்கும் தேன் எட்டும். பெரிய அடுக்குச் செம்பருத்தியும், பல இதழ் ரோஜாவும் நம் கண்ணுக்கு அழகாக இருக்கலாம்; அவற்றில் பல, மகரந்தம் தரவேண்டிய பகுதிகளும் இதழ்களாக மாறிப்போன பூக்கள். தேனீக்கு அவை பூட்டிய கடைகள்.

விருந்துக்கு வருவோர்

வெயில் ஏறத் தொடங்கும் காலை எட்டு மணி முதல் பதினொரு மணி வரை செடியின் அருகே நின்று பாருங்கள்.

முதலில் கண்ணில் படுவது கெலுலுட். தமிழில் இதனைக் கொசுத்தேனீ என்பர். கறுப்பாக, ஓர் ஈயைவிடச் சிறியதாக இருக்கும். கொட்டாது. புளிப்பும் இனிப்பும் கலந்த கெலுலுட் தேன் இன்று நல்ல விலைக்கு விற்கிறது. இத்தேனீ கூட்டிலிருந்து வெகுதூரம் செல்லாது. சில நூறு மீட்டர்தான். ஆகவே, அதற்கு நம் தெருவே உலகம்.

அடுத்து, வயிற்றில் கோடுகளுடைய அடுக்குத்தேனீ. மரப்பொந்திலும் சில வேளைகளில் மீட்டர் பெட்டியிலும் கூடு கட்டுவது இதுவே. பின்னர், உயரமான மரங்களில் பெரிய கூடு தொங்கவிடும் மலைத்தேனீயும் எப்போதாவது வரும். ஹெலிகாப்டர்போல் ஒரே இடத்தில் நின்று பறக்கும் பூ ஈக்களும் வரும். இவற்றில் பலவற்றின் புழுக்கள் செடிப்பேன்களைத் தின்பவை. நம் மிளகாய்ச் செடிக்கு அவை காவலர்கள்.

எலுமிச்சைப் பட்டாம்பூச்சி போன்றவையும் தேன் குடிக்க வரும். இங்கே ஒன்றைக் கூற வேண்டும். கறிவேப்பிலைக் கன்றில் பறவை எச்சம்போல் ஒட்டிக்கொண்டிருக்கும் புழுவை நசுக்கிவிட்டு, பட்டாம்பூச்சிகளைக் காணோமே என்று நாம் வருந்துகிறோம். அந்தப் புழுதான் அந்தப் பட்டாம்பூச்சி. கறிவேப்பிலை மரம் பெரிதாக இருந்தால் நான்கு கிளையை அதற்கு விட்டுக்கொடுக்கலாம்.

கத்தரிக்கும் தக்காளிக்கும் வேறொரு விருந்தாளி வேண்டும். அவற்றின் மகரந்தப்பை உப்புச்சீசாவைப்போல நுனியில் மட்டும் துளையுடையது. குலுக்கினால்தான் கொட்டும். நீலக்கோட்டுத் தேனீயும் பெரிய கருவண்டும் பூவைப் பிடித்துக்கொண்டு உடலை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்க்கும். அவ்வோசையை நாம் காதாலேயே கேட்கலாம். நீலக்கோட்டுத் தேனீக்குத் துளசிப்பூ மிகவும் பிடிக்கும். ஆகவே, மாடத்துத் துளசியின் கதிர்களை எல்லாம் உடனே கிள்ளிவிடாமல் சிலவற்றைப் பூக்க விடுங்கள்.

வளர்க்கும் முறை

உலாம் ராஜா ஓராண்டுச் செடி. முளைத்து, பூத்து, விதைத்து, சில மாதங்களில் காய்ந்துவிடும். ஆனால், அதன் விதை மீண்டும் முளைக்கும். குளிர்காலமில்லாத நம் நாட்டில் எந்த மாதத்திலும் விதைக்கலாம்.

விதை: வளர்க்கும் ஒருவரிடம் கேட்டாலே போதும். பூ உதிர்ந்த பின் கறுப்பு ஊசிகள் நட்சத்திரம்போல் விரிந்து நிற்கும். அவையே விதைகள். நுனியில் இரண்டு மூன்று முள் இருக்கும். சட்டையில் ஒட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போவது இதனால்தான். அவற்றைப் பறித்து நிழலில் சில நாள் உலர்த்திக் காகித உறையில் வைக்கலாம்.

இடம்: நல்ல வெயில் வேண்டும். நிழலில் செடி நெட்டையாக வளர்ந்து சாயும். தரை இல்லாதவர்கள் ஓரடி ஆழமுள்ள தொட்டியிலோ, அடியில் துளையிட்ட பழைய பெயிண்டு வாளியிலோ வளர்க்கலாம். அடுக்குமாடி வீட்டு ஐந்தடித் தாழ்வாரத்தில் வெயில் விழுந்தால் அதுவும் போதும்.

விதைத்தல்: மண்ணைக் கிளறி, விதையைத் தூவி, அரை சென்டிமீட்டர் மண்ணால் மூடித் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு வாரத்தில் முளைவிடும். நாலைந்து இலை வந்ததும் ஓரடிக்கு ஒன்றாக விட்டு மற்றவற்றைப் பிடுங்கிச் சம்பலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கிள்ளுதல்: செடி ஓரடி உயரம் வந்ததும் நுனியை ஒரு முறை கிள்ளினால் பக்கக் கிளைகள் வந்து நிறைய பூக்கும். மேலும் மேலும் கிள்ளினால் கீரை மட்டும்தான், பூ இல்லை. இரண்டும் வேண்டுமானால் நாக்குக்கு இரண்டு செடி, தேனீக்கு நான்கு செடி என்று பிரித்துவிடுங்கள்.

உரம்: அதிகம் கூடாது. தழைச்சத்து மிகுந்தால் இலைதான் பெருகும். சமையலறைக் கழிவில் செய்த உரம் ஒரு கைப்பிடி போதும். செடி ஆளுயரம் வளரக்கூடும். மாலை மழையில் சாயாதிருக்க ஒரு குச்சியில் கட்டிவிடலாம்.

தொடர்ச்சி: சுமார் இரண்டு மாதத்தில் பூக்கத் தொடங்கும். ஐந்தாறு வாரத்திற்கு ஒரு முறை புதிதாகச் சில விதைகளைத் தூவிவந்தால் ஆண்டு முழுவதும் பூ இருக்கும். இதுவே மிக முக்கியம். ஒரு மாதம் விருந்து, மூன்று மாதம் பட்டினி என்றால் தேனீக்கள் தங்கா.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, டிங்கி. தொட்டியின் அடியில் தட்டு வைத்துத் தண்ணீரைத் தேங்க விடாதீர்கள். தேனீயை அழைத்து ஏடிஸ் கொசுவுக்கும் வீடு கொடுப்பதில் பயனில்லை. கொசுப்புகை அடிக்கும் மருந்து கொசுவை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொல்வதில்லை, தேனீயையும் கொல்லும். தண்ணீர் தேங்காத தெருவுக்குப் புகை வண்டி வரவேண்டிய அவசியம் குறையும். எனவே, வாளியைக் கவிழ்த்து வைப்பதும் தேனீக்குச் செய்யும் உதவியே.

இரண்டாவது, பூத்திருக்கும் செடியின் மீதோ அதன் அருகிலோ பூச்சிமருந்து அடிக்கக்கூடாது.

மூன்றாவது, இது தானாகப் பரவும் செடி. விதைகள் முற்றும்போது தேவையானதை எடுத்துக்கொண்டு மற்றத் தலைகளை வெட்டிவிட வேண்டும். காட்டோரத்திலும் ஆற்றங்கரையிலும் கொண்டுபோய்த் தூவக்கூடாது. நம் வேலிக்குள் வளர்த்தால் விருந்து. வேலி தாண்டி விட்டால் தொல்லை.

நான்காவது, தேனீ வேறு, தெபுவான் எனப்படும் குளவி வேறு. குளவிக்கூடு வீட்டருகே இருந்தால் நாமே கைவைக்காமல் தீயணைப்பு மீட்புத் துறை அல்லது பொதுத் தற்காப்புப் படையின் உதவியை நாட வேண்டும். தேனீக்கொட்டு ஒவ்வாதவர்கள் வீட்டில் இருந்தால் செடியை நடைபாதையிலிருந்து தள்ளி வைக்கலாம்.

மருந்தடித்த கைகள்

இவ்வளவும் படித்த பின், “ஒரு செடிக்கு இத்தனை விளக்கமா?” என்று நீங்கள் கேட்கலாம். இதே கேள்வியை என் பாட்டியும் கேட்டார். “காலமெல்லாம் புல்லுக்கு மருந்தடிச்சே கை வெந்து போச்சு. நீ என்னடான்னா வாசல்லயே வளக்கிறியே கண்ணு!” என்றார்.

அவர் கூற்றில் ஒரு தலைமுறையின் வரலாறு இருக்கிறது. தோட்டங்களில் முதுகில் பம்பைச் சுமந்து களைக்கொல்லி அடித்தவர்களில் நம் பாட்டிகளும் அம்மாக்களும் அத்தைகளும் பெரும் எண்ணிக்கையினர். அக்களைக்கொல்லிகளில் கொடியது பாராகுவாட். நகம் பழுத்து விழுதல், மூக்கில் இரத்தம் வடிதல், தோல் புண்ணாதல், கண் எரிச்சல் ஆகியவை அதனால் நேரக்கூடியவை. விழுங்கிவிட்டால் முறிவு மருந்தே கிடையாது. 2002-இல் மலேசிய அரசு அதனைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006-இல் அத்தடை தளர்த்தப்பட்டது. இறுதியாக 2020 ஜனவரி முதல் நாள்தான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் பம்பைச் சுமந்த கைகள் இருந்தன என்பதை நாம் மறக்கலாகாது.

சுத்தமான நிரை, தண்டல் திட்டாத நிரை, கூலி வெட்டுப்படாத நிரை. இதுவே ஒழுங்கு என்று அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்த பின்னரும் அந்த ஒழுங்கு நம் வாசலில் சிமெண்டாக இறுகி நிற்கிறது. அது அவர்கள் குற்றமன்று. ஆனால், அது முதலாளியின் தேவைக்கான ஒழுங்கு. நம் வீட்டுக்கு அது வேண்டியதில்லை. இன்று அதே செம்பனைத் தோட்டங்கள், இலை தின்னும் புழுக்களை ஒடுக்கும் நன்மைப் பூச்சிகளுக்காகச் சாலையோரங்களில் டர்னேரா போன்ற பூச்செடிகளை நடுகின்றன. தோட்டமே மாறிவிட்டது, நம் வாசல் மாற வேண்டாமா?

பாட்டி இன்னும் என்னோடு முழுமையாக உடன்படவில்லை. இருப்பினும், பாகற்கொடியில் காய் தங்கத் தொடங்கிய பின், உலாம் ராஜாவைச் சுற்றி முளைக்கும் மற்றப் புல்லை மட்டும்தான் பிடுங்குகிறார். அது போதும்.

நிறைவாக

இயற்கையைக் காப்போம் என்று மேடையில் முழங்குவது எளிது. காட்டைக் காக்க நம் கையில் அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். ஆனால், விடுதித் தாழ்வாரமோ வாடகை வீட்டு வாசலோ ஒரு வாளி மண் வைக்க இடமில்லாதவர் நம்மில் மிகச் சிலரே. முன்னாள் மாணவர்களாகிய அண்ணன்மார்களும் அக்காமார்களும் இப்போது சொந்த வீடு வாங்கிக் குடியேறியிருப்பீர்கள். வாசல் முழுவதும் சிமெண்டு பூசச் சொல்லும் முன், ஓரத்தில் இரண்டடி மண்ணை விட்டுவையுங்கள். அங்கே ஒரு கைப்பிடி உலாம் ராஜா விதையைத் தூவுங்கள். தளிரைக் கிள்ளிச் சம்பலோடு உண்ணுங்கள். மீதியைப் பூக்க விடுங்கள். விதை முற்றியதும் ஒரு காகித உறையில் போட்டுப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுங்கள். தேனீக்கு ஒரு வீடு போதாது, தெரு வேண்டும்.